மாடி வீட்டு லேப்டாப்

அந்த லேப்டாப்பை வாங்கியது யார்? கடைக்குப் போனது மாடி வீட்டு அக்காவும் நானும். பில்லில் இருக்கும் பெயர் அக்காவின் கணவருடையது. கடையில் தேய்த்தது என் கணவரின் கிரெடிட் கார்டு. மறுநாளே முழுத் தொகையையும் எங்கள் கணக்குக்கு அனுப்பியவர் அக்காவின் கணவர். இன்று அதை மடியில் வைத்துக்கொண்டிருப்பது பெங்களூரில் அனிமேஷன் படிக்கும் அவர்கள் மகன். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கியது யார் என்று ஓர் அலுவலகம் கேட்டபோது நாங்கள் எழுதிக் கொடுத்த பதில் சரிதானா என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் இருப்பது ஜனக்புரியில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் முதல் தளத்தில். எங்களுக்கு நேர் மேலே அக்கா. என் கணவரும் அக்காவின் கணவரும் ஒரே அமைச்சகத்தில் வேலை பார்ப்பவர்கள், பிரிவுதான் வேறு. அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். நான் திருச்சிக்காரி. அக்காவும் சாரும் திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அக்காவின் பேச்சில் ஊர் அப்படியே இருக்கிறது, நடுநடுவே அச்சாவும் ஜல்தியும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

என் மகள் பிறந்தபோது என் அம்மாவால் ஒரு மாதத்துக்கு மேல் இங்கே தங்க முடியவில்லை. அதற்குப் பிறகு குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது அக்காதான். குழந்தை அழுதால் நான் கூகிளில் தேடுவேன். அக்கா மேலிருந்து இறங்கி வந்து என் கையிலிருந்து குழந்தையை வாங்கி, குப்புறத் தோளில் போட்டுக்கொண்டு, “ஒண்ணுமில்ல, வாயு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சப்ஜி வண்டி வந்தால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவரே வாங்குவார். தக்காளிக்கு என்ன, கொத்தமல்லிக்கு என்ன என்று நாங்கள் பேசியதே இல்லை. நான் பால் வாங்கினால் அவருக்கும் ஒரு பை. யாருக்கு யார் அதிகம் என்று தெரியாது.

எங்கள் வீட்டிலோ எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. திருமணத்துக்கு முன் நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பழக்கம் போகவில்லை. மாதாமாதம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்ததும் அச்சடித்து வைத்துக்கொண்டு, சேர்த்து வைத்த ரசீதுகளோடு வரி வரியாக ஒத்துப் பார்ப்பேன். பொருந்தினால் பென்சிலில் ஒரு டிக். கடைப்பலகையில் ஒரு பெயரும் ஸ்டேட்மென்டில் வேறு பெயரும் இருக்கும். தேதியையும் தொகையையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பெட்ரோல் போட்டால் ஒரு சின்னத் தொகை கூடுதலாகப் பிடித்து, பிறகு திரும்பி வரும். மாதக் கடைசியில் வாங்கியது அடுத்த மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு முறை டயப்பர் பில் ஒன்று கிடைக்காமல் நாள் முழுவதும் குழந்தைக்குச் சரியாகச் சோறுகூட ஊட்டவில்லை. அட்டையை யாரோ திருடிவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். கடைசியில் பில் டயப்பர் பைக்குள்ளேயே இருந்தது.

கடைகளில் தரும் வழவழப்பான ரசீதில் இருக்கும் எழுத்து டெல்லி வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது. அதனால் பெரிய தொகை எதுவானாலும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, ரசீதோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைப்பேன். அக்காவுக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். ஒரு நாள் நான் தரையில் ரசீதுகளைப் பரப்பி வைத்திருக்க, மகள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் கத்தினேன். கத்தியது குழந்தைக்காகவா ரசீதுக்காகவா என்று எனக்கே சந்தேகம்.

“ஏட்டி, நீ பிள்ளைய வளக்கியா ரசீத வளக்கியா?” என்றார் அக்கா, குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டபடி. “இந்தா புடி ஒன் மூத்த பிள்ளைய. பாதிய இளையவ தின்னுட்டா.”

“போங்கக்கா. நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா இதுதான் சாட்சி.”

“ஒனக்கு என்ன கேள்வி வரப் போவுது? நீ என்ன மந்திரியா?”

எங்கள் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. அரசாங்க வேலையில் இருக்கும் குடும்பங்கள் இருக்கும் எந்தக் காலனியிலும் உண்டு என்றே நினைக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் கடைகளில் ஒவ்வொரு வங்கியின் கார்டுக்கும் ஒவ்வொரு தள்ளுபடி போடுவார்கள். யார் வீட்டில் எந்த வங்கியின் கார்டு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். “உங்க கார்டுல பத்து பர்சன்ட் வருதாமே, எனக்கு ஒரு மிக்ஸி போட்டுத் தாங்க” என்பார்கள். போட்டுத் தருவோம். பில்லைப் பொருளுக்கு உரியவர் பெயரில் போட்டுக்கொள்வார்கள், கேரன்டிக்காக. பணம் உடனே வந்துவிடும். யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. அதில் சேரும் பாயிண்டுகள் கார்டு வைத்திருப்பவருக்கு.

போன தீபாவளிக்கு அக்காவுக்கு மகனுக்காக ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. சாதாரண லேப்டாப்பில் அவன் படிப்பு ஓடாதாம். விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். தள்ளுபடி எங்கள் கார்டுக்குத்தான். கடைப் பையன் இந்தியில் பெயர் கேட்டதும் அக்கா சாரின் பெயரைச் சொன்னார். அவன் என் கையிலிருந்த கார்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். “மேரி பெஹன் ஹை, பையா. ஜல்தி கரோ” என்று, என்னைத் தன் தங்கை என்று சொல்லி அவனை அவசரப்படுத்தினார் அக்கா. வெளியே வந்ததும் என் தோளில் இடித்து, “பாயிண்டு ஒனக்கு, பொருளு எனக்கு. கணக்கு சரியா, ஏட்டி?” என்றார். அந்தப் பாயிண்டில் மகளுக்குக் கஞ்சி வைக்க ஒரு சின்னக் குக்கர் வாங்கினேன். அந்த மாத ஸ்டேட்மென்டில் அந்த வரிக்கும் டிக் போட்டேன். பில்லின் ஜெராக்ஸும் என்னிடம் இருந்தது. எல்லாம் பொருந்தியிருந்தது.

இந்த வருடம் சித்திரை முடிகிற சமயத்தில் என் கணவரின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் வந்தது. உத்தரவு வருவதற்கு முன் சில காகிதங்கள் கேட்டார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு விதி உண்டு. இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டி எந்தப் பொருள் வாங்கினாலும் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கடந்த வருடத்தில் அப்படி ஏதாவது வாங்கியிருந்தால் விவரம், பில், கூடவே வங்கி மற்றும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட். இவ்வளவையும் ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

“இதெல்லாம் உன் டிபார்ட்மென்ட்” என்று சிரித்துக்கொண்டே கணவர் என்னிடம் கொடுத்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை நாள் சேர்த்து வைத்ததற்கு இப்போது ஓர் அர்த்தம் வந்துவிட்டதே. மகளுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் பொரியைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டையும் வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐப்பசி மாத வரியில் பென்சில் நின்றது. நானே போட்ட டிக் அங்கே இருந்தது.

கணவர் சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

“ஏங்க, இந்த லேப்டாப்பு?”

“அது சாரோடது. நண்பருக்காக வாங்கினதுன்னு எழுதி, பில்ல வச்சா முடிஞ்சுது. அவர் பேர்லதானே இருக்கு.”

“சார் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருப்பாரா?”

“குடுத்திருப்பாரு. எவ்வளவு வருஷ சர்வீஸ்.”

“நாம குடுத்தோமா?”

“நம்ம பொருளே இல்லையே, நாம எதுக்குக் குடு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். ஒரு காலில் மட்டும் ஷூவோடு என்னைப் பார்த்தார். அவர் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். பொருள் அவர்களுடையதுதானே என்று நாங்கள் எழுதவில்லை. கார்டு எங்களுடையதுதானே என்று அவர்களும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சாரின் சம்பளக் கணக்கிலும் அந்த விலை எல்லையைத் தாண்டியதுதான். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. ஓய்வு பெறும் நேரத்தில் ஒருவர் மேல் விளக்கம் கேட்டு ஒரு காகிதம் நிலுவையில் இருந்தால், வர வேண்டிய பணம் நின்றுவிடும் என்று எங்கள் காலனியில் எல்லோருக்கும் பயம். அது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பணத்தில்தான் மகனின் கடைசி வருடப் படிப்பு இருக்கிறது என்பது தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை, அலுவலகம் இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் மாடிக்குப் போனோம். அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு டீ போட உள்ளே போனார். கணவர் விஷயத்தைச் சொன்னார். சார் இப்போதாவது தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால், தாமதம் என்று மட்டும் கேட்பார்கள், அதற்குப் பிறகு எங்கள் காகிதத்தைக் கொடுக்கிறோம் என்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் என்னத்துக்குப்பா எழுதணும்? கார்டு யாரு பேர்ல?”

“என் பேர்லதான் சார். ஆனா பில்லு...”

“பில்லு கேரன்டிக்குப் போட்டது. என் சர்வீஸ்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு மெமோ கெடையாது, தெரியுமா? மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு கடைசி ரெண்டு மாசத்துல போயி நிக்கவா?”

“மன்னிப்பு இல்ல சார், தகவல்தான்.”

“எல்லாம் ஒண்ணுதான்.” என் பக்கம் திரும்பினார். “நீதாம்மா கணக்குல புலி. நீயே சொல்லு. இது யாரு கணக்கு?”

அக்கா டீத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான், “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றேன். பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது. டீயில் சர்க்கரை போட்டிருந்ததா என்றுகூட நினைவில்லை.

நாங்கள் இறங்கும்போது அக்கா படிக்கட்டு வரை வந்து, கணவரை முன்னால் போக விட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, ரசீது தொலஞ்சு போச்சுன்னு சொல்லிரேன்.”

“அக்கா, ஸ்டேட்மென்ட்ல வரி இருக்கே. பில் இல்லன்னா எங்க பொருள்னு ஆயிடும். நாங்க மறைச்ச மாதிரி ஆயிடும். இவருக்கு வர்றது நின்னுடும்.”

“மெனக்கெட்டு எதையெல்லாமோ தொலைக்கோம். ஒரு காகிதம் தொலையாதா?” சிரிக்க முயன்றார். “அவிய அப்படித்தான். எழுத மாட்டாவ. நான் சொன்னா கேக்குற மனுசன் இல்ல.”

“நான் ஒரு நாளும் தொலைச்சதில்லையேக்கா” என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான். அக்கா கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் நான் கொடுக்க வேண்டிய காகிதங்களைக் கோப்பாகத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். பில்லை வைத்தேன், எடுத்தேன். அந்த ஒரு ரசீதை மட்டும் ஜெராக்ஸ் எடுக்காமல் விட்டிருந்தால் இந்நேரம் வெள்ளைத் தாளாகியிருக்கும், யார்மீதும் பழி இல்லை என்றும் தோன்றியது. எங்கள் பொருள்தான், எழுத மறந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாமா என்று கணவரைக் கேட்டேன்.

“பில் அவர் பேர்ல இருக்கே. அப்ப நான் பொய் சொன்னவன் ஆயிடுவேன்.”

“அப்ப ரெண்டு மாசம் தள்ளிப்போடலாமா? சார் ரிட்டயர் ஆகட்டும்.”

“தள்ளிப்போட்டா என் பேருக்குக் கீழே இருக்கறவருக்குப் போகும். அடுத்த லிஸ்ட் எப்பன்னு யாருக்கும் தெரியாது.” காகிதங்களை என் பக்கம் தள்ளினார். “நீ வேண்டாம்னா நான் விட்டுடறேன். நிஜமாத்தான் சொல்றேன்.”

அவர் நிஜமாகத்தான் சொன்னார். அதனால்தான் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பில்லை வைத்தோம். சார் மறுநாளே பணம் அனுப்பியதற்கான வங்கிப் பக்கத்தையும் வைத்தோம். ‘நண்பருக்காக வாங்கியது, தொகை முழுவதும் திரும்பப் பெறப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி. நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன். மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

உத்தரவு வந்தது. நான் கேசரி கிளறினேன். மேலே கொண்டுபோனால் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும், கொண்டுபோகாவிட்டால் ஒளிக்கிற மாதிரி இருக்கும் என்று யோசித்து யோசித்து, கேசரி ஆறிக் கெட்டியாகிவிட்டது. கொண்டுபோகவில்லை. நெய் வாசனை மாடிக்குப் போகாமலா இருந்திருக்கும்?

அடுத்த வாரம் சாருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பில்லைப் பார்த்த அதிகாரிக்குச் சாரைத் தெரியுமாம். சார் பதில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கணவர் அலுவலகத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். என்ன எழுதினார் என்று தெரியாது. முடிவு இன்னும் வரவில்லை. காலையில் மெட்ரோவுக்கு இருவரும் முன்பெல்லாம் சேர்ந்து நடப்பார்கள். இப்போது சார் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறார்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். எப்போதும் போலக் காலையில் இறங்கி வருகிறார், குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார், “என்னட்டி ராசாத்தி” என்று கொஞ்சுகிறார். ஆனால் மெமோ வந்த மறுநாள் சப்ஜி வண்டியிலிருந்து வாங்கியதை என் வீட்டு மேசையில் வைத்தபோது கூடவே ஒரு சின்னத் தாளையும் வைத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம். தக்காளி, பீர்க்கங்காய், கொத்தமல்லி, ஒவ்வொன்றுக்கும் நேரே விலை, கீழே கூட்டுத்தொகை. கையெழுத்து அழகாக இருந்தது. அவர் தமிழ் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கேலி செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். “என்னக்கா இது?”

“ரசீது. ஒனக்கு வேணும்லா?” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. நின்றுகொண்டே இருந்தார். நான் போய்ச் சில்லறை எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் சீட்டு வருகிறது. கறிவேப்பிலை சும்மா கொடுத்தான் என்றால் அதையும் எழுதி, நேரே ஒரு பூஜ்யம் போடுகிறார். நான் பால் வாங்கிக் கொடுத்தால் வாசலிலேயே பணத்தை நீட்டுகிறார். “வேண்டாங்க்கா” என்றால், “கணக்குன்னா கணக்குதான்” என்கிறார். ஒரு தடவை வேண்டுமென்றே சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் வந்தபோது அதை எடுத்து, மடித்து, என் ரசீதுப் பைக்குள் அவரே செருகினார். எந்த மாதத்துப் பை என்றுகூடப் பார்த்துத்தான் செருகினார்.

கணவர், “கொஞ்ச நாள் போனா சரியாயிடும்” என்கிறார். நாங்கள் செய்தது தப்பில்லை என்றும் சொல்கிறார். அம்மாவிடம் போனில் சொன்னேன். “கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு” என்றார். எதற்கென்று கேட்பது? உண்மையான பில்லை வைத்ததற்கா? அல்லது அதை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததற்கா? சார் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்று ஒரு நேரம் கோபம் வருகிறது. அடுத்த நிமிடமே, அவருக்குப் பதிலாக நான் ஒரு வரைவு எழுதி, “சார், கையெழுத்து மட்டும் போடுங்க” என்று மறுபடியும் மேலே போயிருக்கலாமே என்று தோன்றுகிறது. இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதக் கடைசியில் சார் ஓய்வு பெறுகிறார். பணம் வந்துவிட்டால் எல்லாம் லேசாகலாம். வராவிட்டால் எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது. வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று காலனியில் பேசிக்கொள்கிறார்கள். அக்கா என்னிடம் அதைச் சொல்லவில்லை.

மத்தியானம் குழந்தைக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டுவது இன்னமும் அக்காதான். என் கையால் ஊட்டினால் மகள் துப்பிவிடுகிறாள். அந்தச் சோற்றுக்கு மட்டும் இதுவரை சீட்டு வரவில்லை. ஒவ்வொரு நாளும் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு அவர் புடவையில் கையைத் துடைக்கும்போது, இப்போது எடுத்து நீட்டிவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் என் அக்காவின் வயதில் யாராவது இருப்பீர்கள். என்னைப் போல ஒரு காகிதத்தால் ஒருவரைப் புண்படுத்தி, பிறகு அவரோடு ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்களும் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் நான் என்ன செய்ய வேண்டும்? அக்கா அடுத்த சீட்டை நீட்டும்போது, அவர் மனம் ஆறட்டும் என்று பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பதா, இல்லை கொடுக்க மாட்டேன் என்று சண்டை போடுவதா? எது அவருக்கு வலிக்காது என்று தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.